சிவப்பும் கறுப்பும்: தோல் நிறம் பற்றி இஸ்லாமிய மூல நூல்கள் சொல்வது என்ன?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நம் சமுதாயத்து வீடு ஒன்றில் சம்பந்தப் பேச்சு தொடங்கினால், பெண் என்ன படித்திருக்கிறாள், ஓதத் தெரியுமா என்ற கேள்விகளுக்கு முன்பாகவே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "பொண்ணு கலரா இருக்குமா?" இல்லையென்றால், "கலரு கொஞ்சம் கம்மிதான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். கம்மியான அந்தக் 'கலரு'க்கு ஈடாக நகையில் சில பவுன் கூடுகிறது. மணமகன் மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டும் என்று சொல்லும் மார்க்கத்தில், பெண்ணின் தோலுக்கு விலை வைத்து அவளுடைய அத்தாவிடம் வசூலிக்கும் நிலை இது.

இதே வீடுகளில் பிள்ளைகளுக்கு பிலால் என்று பெயர் வைக்கிறோம். இஸ்லாத்தில் நிறபேதம் இல்லை என்று மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு ஆதாரம் எது? குர்ஆனும் ஹதீஸும் நிறத்தைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன? ஸஹாபாக்களின் காலத்தில் நிற வேற்றுமை உணர்வே இருக்கவில்லையா? பின்னால் வந்த நூல்கள் எப்படிப் பேசின? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிறம் ஓர் அத்தாட்சி

வானங்களையும் பூமியையும் படைத்ததும், மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை என்று ஸூரத்துர் ரூம் கூறுகிறது (30:22). நிற வேறுபாடு குறை என்றோ தண்டனை என்றோ அங்கே சொல்லப்படவில்லை. அறிவுடையோர் சிந்திக்க வேண்டிய சான்றுகளின் வரிசையில் வானம், பூமியோடு சேர்த்து அது வைக்கப்பட்டிருக்கிறது. ஸூரத்துல் ஹுஜுராத், மனிதர்கள் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைக்கப்பட்டதையும், சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பதையும் சொல்லி, இறையச்சம் உள்ளவரே அல்லாஹ்விடம் கண்ணியமானவர் என்று முடிவு சொல்கிறது (49:13).

அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவான ஒரு ஹதீஸ் இதை மண்ணோடு இணைத்து விளக்குகிறது. பூமி முழுவதிலிருந்தும் எடுக்கப்பட்ட ஒரு பிடி மண்ணிலிருந்து ஆதம் (அலை) படைக்கப்பட்டார்கள். ஆகவே அவர்களின் மக்களும் மண்ணைப் போலவே சிவப்பாகவும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் இவற்றுக்கு இடைப்பட்டும் வந்தார்கள் என்பது அதன் கருத்து. நம் பகுதி மக்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல் என்று இரண்டு மண்ணையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கரிசல் மட்டமான மண் என்று இங்கே எந்த விவசாயியும் சொன்னதில்லை. பருத்தி விளைந்ததும் இந்தப் பகுதியில் பஞ்சாலைகள் எழுந்ததும் அந்தக் கறுப்பு மண்ணின் பலத்தில்தான்.

அரபியின் 'அஹ்மர்', நம்முடைய 'சிவப்பு'

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) ஹஜ்ஜத்துல் விதாவில் தஷ்ரீக் நாள்களின் நடுநாளில் நபி (ஸல்) அவர்கள் ஆற்றிய உரை முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. இறைவன் ஒருவன், உங்கள் தந்தை ஒருவர். அரபிக்கு அரபியல்லாதவரைவிடவோ, அரபியல்லாதவருக்கு அரபியைவிடவோ, சிவந்தவருக்குக் கறுத்தவரைவிடவோ, கறுத்தவருக்குச் சிவந்தவரைவிடவோ இறையச்சத்தால் அன்றிச் சிறப்பு இல்லை என்பது அதன் சாரம்.

மொழிபெயர்ப்புகளில் இந்தச் சிவந்தவர் பெரும்பாலும் 'வெள்ளையர்' ஆகிவிடுகிறார். அதனால் இந்த உரை ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் பிரச்சினையைப் பற்றியது போலவும் நமக்கு அதில் வேலை இல்லாதது போலவும் தோன்றுகிறது. மூலத்தில் உள்ள சொல் 'அஹ்மர்', அதாவது சிவப்பு. வெளிர்ந்த நிறம் உடையவரை அன்றைய அரபியர் சிவப்பு என்றே குறிப்பிட்டார்கள். தமிழிலும் அதே வழக்குதான். 'செவப்பா, லட்சணமா' என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லையே சொல்கிறோம். அந்த உரையை அப்படியே நம் ஊர்ப் பேச்சில் வைத்துக் கேட்டால், சம்பந்தம் பேசும் வீட்டுத் திண்ணையில் நின்று சொல்லப்பட்டது போல இருக்கும்.

ஸஹாபாக்களிடமும் திருத்தம் தேவைப்பட்டது

நபித்தோழர்கள் இஸ்லாத்துக்கு வந்த அன்றே நிற உணர்வும் குலப் பெருமையும் அவர்களை விட்டு மறைந்துவிட்டன என்று நினைத்துக்கொள்கிறோம். ஹதீஸ் நூல்கள் காட்டுவது வேறு. அந்த உணர்வு தலைகாட்டிய இடத்திலேயே நபி (ஸல்) அவர்கள் அதைத் திருத்தினார்கள்.

அபூதர் அல்கிஃபாரீ (ரலி) அவர்கள் ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற மூத்த ஸஹாபி. அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். அந்தத் தாய் அரபியல்லாதவர் என்று மற்றோர் அறிவிப்பு தெளிவாக்குகிறது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, ஜாஹிலிய்யாவின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். உண்பதிலிருந்து உண்ணக் கொடுங்கள், உடுத்துவதிலிருந்து உடுத்தக் கொடுங்கள் என்றும் கட்டளையிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ரப்தா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த ஒருவர், அவர்களும் அவர்களின் பணியாளரும் ஒரே மாதிரி உடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்க, அதற்குப் பதிலாகத்தான் அபூதர் (ரலி) இந்த நிகழ்ச்சியைச் சொன்னார்கள் (புகாரி 30).

திட்டப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், அபூதர் (ரலி) தம் கன்னத்தை மண்ணில் வைத்து மிதிக்கச் சொன்னார்கள் என்றும் பயான்களில் கேட்டிருப்போம். புகாரி, முஸ்லிம் நூல்களின் அறிவிப்புகளில் பிலாலின் பெயரும் இல்லை, கன்னத்தை மண்ணில் வைத்த செய்தியும் இல்லை. ஆதாரமானதே போதும் அளவுக்குக் கனமானது: ஒரே ஒரு சொல்லுக்கு நபியின் கண்டிப்பு, அதற்காக வாழ்நாள் முழுவதும் தம் உடையையே மாற்றிக்கொண்ட ஒரு ஸஹாபி.

பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த கறுப்பு நிறத்தவர் ஒருவரின் செய்தியும் புகாரியில் உண்டு (458). அவர் ஆணா பெண்ணா என்பதில் அறிவிப்பாளருக்கு ஐயம் இருக்கிறது. அவர் இறந்தபோது நபி (ஸல்) அவர்களுக்குச் சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாமல் விசாரித்து அறிந்த நபி (ஸல்) அவர்கள், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள்.

பிள்ளையின் நிறமும் ஒட்டகத்தின் நிறமும்

நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான ஹதீஸ் ஒன்று உண்டு. கிராமப்புற அரபி ஒருவர் வந்து, என் மனைவி கறுப்பாக ஒரு பையனைப் பெற்றிருக்கிறாள் என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அவருடைய மனத்தில் இருந்த சந்தேகம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் அவரிடம் ஒட்டகங்கள் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். நிறம் என்ன என்று கேட்க, சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறமானது ஏதேனும் இருக்கிறதா என்று கேட்க, இருக்கிறது என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, பரம்பரையில் எங்கோ இருந்து வந்திருக்கலாம் என்று அவரே பதில் சொன்னார். உன் மகனும் அப்படி வந்திருக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் முடித்தார்கள் (புகாரி 5305).

ஒரு தாயின் மானமும் ஒரு குழந்தையின் வம்சமும் அன்று இந்த எளிய பதிலால் காக்கப்பட்டன. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்துக் 'கலரான' பிள்ளை பிறக்குமா என்று காத்திருப்பதும், பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணிப்பதும், "யாரு மாதிரிடீ இவ்வளவு கறுப்பு?" என்று தாயிடமே கேட்பதும் இன்றும் நடக்கின்றன. குங்குமப்பூவால் பிள்ளையின் நிறம் மாறுவதில்லை. நிறம் தாய் தந்தையரின் வழிவழியாக வருகிறது.

தந்தைக்கும் மகனுக்கும் நிறம் மாறுபட்டதால் ஏற்பட்ட பேச்சு நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய வீட்டையே தொட்டது. ஸைத் பின் ஹாரிஸா (ரலி) வெளிர் நிறத்தவர். அவருடைய மகன் உஸாமா (ரலி) நல்ல கறுப்பு. உஸாமாவின் தாயார் உம்மு ஐமன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. நபி (ஸல்) அவர்களைச் சிறுவயதில் வளர்த்தவர்களில் ஒருவர். இந்த நிற வேறுபாட்டை வைத்துச் சிலர் உஸாமாவின் வம்சத்தில் சந்தேகம் கிளப்பினார்கள். அங்க அடையாளம் கண்டு உறவு சொல்வதில் தேர்ந்த முஜஸ்ஸிஸ் என்பவர், போர்வைக்கு வெளியே தெரிந்த இருவரின் பாதங்களை மட்டும் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று சொன்னார். அன்று நபி (ஸல்) அவர்களின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.

ஒரு குறைஷிப் பெண்ணின் திருமணம்

அதே உஸாமாவைப் பற்றிய இன்னொரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது (1480). குறைஷி குலத்தைச் சேர்ந்த ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் இத்தா முடிந்தபின், முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் பெண் கேட்டார்கள். ஃபாத்திமா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்க, ஒருவர் வசதியற்றவர், மற்றவர் பெண்களிடம் கடுமை காட்டுபவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உஸாமாவை மணந்துகொள் என்றார்கள். ஃபாத்திமாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. உஸாமா விடுதலை செய்யப்பட்டவரின் மகன் என்பதும், மிகவும் கறுப்பு நிறத்தவர் என்பதும் அதற்குக் காரணம் என்று இமாம் நவவி (ரஹ்) தம் விரிவுரையில் எழுதுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் மீண்டும் சொன்னபின் அவர் மணந்துகொண்டார். அல்லாஹ் அதில் நன்மையை வைத்தான், மற்றவர்கள் என்னைக் கண்டு ஏங்கும் அளவுக்கு இருந்தேன் என்று பின்னாளில் அவரே அறிவித்தார்.

நம் மேடைகள் பெரும்பாலும் பிலால் (ரலி) அவர்களின் பாங்கோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பாங்கு மகத்தானது. ஆனால் பாங்கு சொல்பவரை மதிப்பது எளிது. மருமகனாகவோ மருமகளாகவோ ஏற்பதுதான் சோதனை. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சோதனைக்குள்ளும் தம் சமுதாயத்தை நடத்திச் சென்றார்கள் என்பதற்கு ஃபாத்திமா பின்த் கைஸின் திருமணம் சாட்சி.

திருமணப் பொருத்தம் (கஃபாஅத்) பற்றி ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மார்க்கப் பற்று, வம்சம், தொழில், செல்வம் என்று மத்ஹபுக்கு மத்ஹப் பட்டியல் மாறுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். தோலின் நிறம் இந்தப் பட்டியல்களில் ஓர் அம்சமாக இல்லை.

"முகம் கறுத்தது" என்றால்?

இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மறுமையில் சில முகங்கள் வெண்மையாகும், சில முகங்கள் கறுத்துவிடும் என்று குர்ஆன் சொல்கிறதே (3:106), இது கறுப்பைத் தாழ்த்துவது ஆகாதா?

இதற்கான விடை குர்ஆனிலேயே இருக்கிறது. பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்ட ஜாஹிலிய்யாக் கால அரபியின் முகம் கறுத்துவிடுகிறது என்று ஸூரத்துந் நஹ்ல் (16:58) கூறுகிறது. செய்தி கேட்டவுடன் யாருக்கும் தோல் நிறம் மாறிவிடாது. துக்கமும் அவமானமும் முகத்தில் படர்ந்ததைத்தான் அது குறிக்கிறது. தமிழில் "கேட்டதும் அவனுக்கு முகம் கறுத்துப்போச்சு" என்கிறோம். சிவந்த தோல் உடையவனைப் பற்றியும் அப்படியே சொல்கிறோம். மறுமையில் முகம் வெண்மையாவதும் கறுப்பதும் செயலின் விளைவு, பிறப்பின் நிறம் அல்ல. வலிப்பு நோயுற்ற ஒரு கறுப்பு நிறப் பெண்மணியைச் சுட்டிக்காட்டி, சொர்க்கவாசியான ஒரு பெண்ணைக் காட்டட்டுமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) தம் மாணவரிடம் சொன்னது புகாரியில் (5652) இருக்கிறது.

அந்த மாணவர் அதா பின் அபீ ரபாஹ் (ரஹ்). அவரும் கறுப்பு நிறத்தவர். ஹிஜ்ரி 114 அல்லது 115இல் வஃபாத்தான அவர், மக்காவின் முஃப்தியாகத் திகழ்ந்தார். தமிழகத்தில் ஏராளமானோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவரிடம் பாடம் கேட்டவர்.

பின்னால் வந்த நூல்களும் சறுக்கல்களும்

இத்தனை தெளிவான போதனைக்குப் பிறகும் முஸ்லிம் சமுதாய வரலாறு முழுவதும் நிறபேதம் இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. அரபுக் கவிதை உலகில் கறுப்புத் தாய்மார்களுக்குப் பிறந்த கவிஞர்களை 'அரபியரின் காக்கைகள்' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. அப்பாஸியர் ஆட்சியில் பஸ்ரா பகுதியில் கடும் உழைப்பில் வாட்டப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் பங்குகொண்ட 'ஸன்ஜ்' கிளர்ச்சி கி.பி. 869 முதல் 883 வரை நீடித்தது.

நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாம் சபிக்கப்பட்டதால்தான் அவருடைய சந்ததியினர் கறுப்பானார்கள் என்ற கதை சில வரலாற்று நூல்களில் நுழைந்தது. குர்ஆனிலோ ஆதாரமான ஹதீஸிலோ அது இல்லை. முந்தைய வேதக்காரர்களின் கதை வழியே வந்தது. நிறம் தட்பவெப்பத்தால் அமைவது, சாபத்தால் அல்ல என்று இப்னு கல்தூன் (இறப்பு: கி.பி. 1406) தம் முகத்திமாவில் மறுத்தார். அதே நூலில் கறுப்பின மக்களைத் தாழ்த்தும் கருத்துகளும் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரிய அறிஞரும் தம் காலத்தின் பிடியிலிருந்து முழுமையாக விடுபடவில்லை.

நபியின் பெயரால் இட்டுக்கட்டியவர்களும் உண்டு. அபிசீனியரையும் கறுப்பரையும் இழித்துப் பேசும் ஹதீஸ்கள் அனைத்தும் பொய் என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) அல்மனாருல் முனீஃப் என்ற நூலில் ஒரே தீர்ப்பாக எழுதினார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ், இறப்பு: ஹிஜ்ரி 597) கறுப்பின மக்களின், அபிசீனியரின் சிறப்புகளுக்கென்றே தனி நூல் எழுதினார்கள்.

இவர்களுக்கு முன்பே, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், பஸ்ராவின் எழுத்தாளர் அல்ஜாஹிள், வெள்ளையரைவிடக் கறுப்பர் பெருமை கொள்ள என்ன இருக்கிறது என்று ஒரு நூல் எழுதினார். அவர் கறுப்பினத்தவரின் பட்டியலில் ஹிந்த், ஸிந்து மக்களையும் சேர்த்தார். அதாவது அன்றைய பஸ்ராவாசியின் கண்ணில் நாமும் கறுப்பர்கள்தான். பிலாலின் பக்கம் நிற்பவர்கள், நமக்குள்ளேயே நிறத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊர்களில் இது ஏன் முக்கியம்?

ராஜபாளையத்திலிருந்து தெற்கே தென்காசி வட்டாரத்தில் உள்ள மீனாட்சிபுரம், 1981 பிப்ரவரியில் நாடு முழுவதும் பேசப்பட்டது. சாதி இழிவு தாங்க முடியாமல் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் அங்கே இஸ்லாத்தை ஏற்றன. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. அவர்கள் நாடி வந்தது ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் சமத்துவத்தை. தமிழ்நாட்டில் நிறத்தின் மீதான ஏளனமும் சாதியின் மீதான ஏளனமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. 'கறுப்பு' என்று முகம் சுளிப்பவரின் மனத்தில் எத்தனையோ நேரம் குலக் கணக்கும் ஓடுகிறது. ஆகவே நிறத்தைப் பற்றிய பேச்சை அழகைப் பற்றிய சாதாரணப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

மணமுடிக்கப்போகும் பெண்ணைப் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. மனத்துக்குப் பிடித்திருக்க வேண்டும் என்பதும் நியாயம். விருப்பம் வேறு, ஏளனம் வேறு. பிடிக்கவில்லை என்றால் கண்ணியமாக விலகலாம். நிறத்தைச் சொல்லிக் காட்டுவதும், அதற்காக நகையையும் பணத்தையும் ஏற்றிக் கேட்பதும், 'கருவாச்சி', 'கருவண்டு' என்று பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் வேறு வகை. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் (49:11) நேரடியாகத் தடுக்கிறது. செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்பார்கள். கூப்பிடுபவருக்கு அது செல்லம். அந்தப் பிள்ளைக்குக் கல்யாண வயது வரை மனத்தில் தங்கும் தழும்பு.

இந்த ஏளனம் உடம்பையும் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2023இல், சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களில் பலர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பயன்படுத்தியவர்கள் என்று கண்டறிந்தார்கள். அந்தக் கிரீம்களில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. தயாரிப்பு விவரம் இல்லாத கிரீம்களை நம் பெண்பிள்ளைகள் ரகசியமாக வாங்கிப் பூசுகிறார்கள் என்றால், அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது நம் வீட்டுப் பேச்சு.

வீட்டில் தொடங்கக்கூடியவை

பெண் பார்க்கப் போகும் மாமியும் நன்னியும் நிறத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிடலாம். வரன் தகவல் படிவங்களில் 'நிறம்' என்ற கட்டம் இருந்தால் ஜமாஅத் நிர்வாகிகள் அதை நீக்கிவிடலாம். மஹர் எவ்வளவு தர முடியும் என்ற கட்டத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேர்க்கலாம். மதரஸாக்களில் உஸ்தாதுமார்கள் பிலால் (ரலி) வரலாற்றோடு உம்மு ஐமன் (ரலி), உஸாமா (ரலி), ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி), அதா (ரஹ்) ஆகியோரின் வரலாறுகளையும் சொல்லித் தரலாம். பிள்ளையை யாராவது நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டால், விருந்தாளி என்றும் பாராமல் அத்தாவோ அம்மாவோ அங்கேயே தடுக்கலாம். அபூதர் (ரலி) அவர்களைப் போன்ற பெரிய ஸஹாபிக்கே அந்தத் திருத்தம் சொல்லப்பட்டது என்றால், நம்மைத் திருத்துவதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

அல்லாஹ் உங்கள் உருவங்களையும் செல்வங்களையும் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்பது நபிமொழியின் கருத்து (முஸ்லிம் 2564). அவன் பார்க்காத ஒன்றை வைத்து அவனுடைய அடியார்களை எடைபோடும் பழக்கத்திலிருந்து நம் குடும்பங்களை அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.